முத்தத்தை மறைத்தோம், புனலை விட்டுவிட்டோம்

தம்பி, நேற்று சாயங்காலம் நீ போனில் கேட்டபோது, "அடுப்புல குழம்பு கொதிக்குது, அப்புறம் பேசுறேன்" என்று சொல்லி வைத்தேனே, அது பச்சைப் பொய். அடுப்பு அணைந்துதான் கிடந்தது. பேசியிருந்தால் பாதியில் கத்தியிருப்பேன், இல்லாவிட்டால் அழுதிருப்பேன். இரண்டும் உனக்கு உதவாது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பத்தாவதோடு படிப்பை விட்டவள் எழுத்து எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது உனக்கு மட்டும் எழுதும் கடிதம் இல்லை. உன் மேலாளரிடம் காட்டு. அவருக்கு மேலே இருப்பவரிடமும் காட்டு. பிள்ளை பெற்றவர்கள் யார் கேட்டாலும் படிக்கக் கொடு. ஒளித்து ஒளித்து வைத்துத்தான் இவ்வளவு தூரம் வந்து நிற்கிறோம், இனிமேலும் ஒளிக்க எனக்குத் தெம்பில்லை.

நீ சொன்னதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார். வெளிநாட்டிலிருந்து வரும் பொம்மைப் படங்களைத் தமிழில் குரல் கொடுத்து முடித்ததும், டிவியில் போடுவதற்கு முன்னால் பார்த்து, பிள்ளைகளுக்கு ஆகாதது எதுவும் இருக்கிறதா என்று சொல்கிற வேலை உனக்கு. அதற்கு ஒரு லிஸ்ட் கொடுத்திருக்கிறார்கள். முத்தம், சாராயம், சிகரெட், ரத்தம், கெட்ட வார்த்தை. இப்போது ஒரு படம் வந்திருக்கிறது. அதில் ஒரு நரி முதலாளி, ஒரு கழுதை வேலைக்காரன். கழுதை வேலை நேரத்தில் தூங்கிவிடுகிறது. நரி அதைப் பிடித்துக் கட்டி, வாயில் புனலை வைத்து, தொட்டியில் கிடக்கும் சேற்றுத் தண்ணீரை ஊற்றுகிறது. கழுதையின் வயிறு ஊதுகிறது, ஏப்பம் விடுகிறது, வாலை ஆட்டிக்கொண்டு சிரிக்கிறது. சுற்றி இருக்கிற எல்லா மிருகமும் சிரிக்கிறது. உன் லிஸ்டில் இது எங்கேயும் இல்லை. "காமெடிதானப்பா, பாஸ் போடு" என்று மேலாளர் சொல்லிவிட்டார். நீயோ இன்னும் பயிற்சிக் காலம் முடியாதவன். திங்கட்கிழமை காலைக்குள் சரி என்றோ தப்பு என்றோ எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு நீ கேட்டாய் பார், அதுதான் என்னை உலுக்கிவிட்டது. "அம்மா, இதுக்கு பாஸ் போட மனசே வரல. ஏன்னு சொல்லத் தெரியல. சின்ன வயசுல தாத்தா ஒரு நாள் என் வாயைக் கழுவிக் கழுவி விட்டாரே, அது இதுக்குத்தானா?"

ஆமாம்டா. இதற்குத்தான். அதே படம்தான். நீ மூன்றாவது படிக்கும்போது பார்த்தது, இப்போது புதுக் குரலில் திரும்பி உன் மேஜைக்கே வந்திருக்கிறது. உனக்கு ஏன் மனசு வரவில்லை என்று உனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் நாங்கள். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கப்பா கேபிள் தொழிலை ஆரம்பித்து வைத்துவிட்டு சிங்கப்பூருக்குக் கட்டட வேலைக்குப் போனபோது, "ஒரு மாசம் சமாளி, ஆள் பாக்குறேன்" என்றார். ஆளும் வரவில்லை, அந்த மாதமும் முடியவில்லை. டிஷ், பெட்டிகள், வயர், ஏணி எல்லாம் என் தலையில். வீட்டுக்குப் பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட அந்த ஒற்றை அறைதான் கண்ட்ரோல் ரூம். புடவையைச் சொருகிக்கொண்டு நான் போஸ்ட்டில் ஏறியதை முதல் நாள் ஊரே வேடிக்கை பார்த்தது. அப்புறம் பழகிவிட்டது. 'கேபிளம்மா' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். நம் தெருவில் பிறந்த பெண் மேலத்தெரு வீடுகளின் கூடம் வரைக்கும் நேராக நடந்து போனது அதுதான் முதல் தடவை. அதற்கு முன்னால் நம் ஆட்கள் கொல்லைப் பக்கமாகத்தான் போவார்கள். டிவியில் படம் ஆடினால் சாதி பார்க்க முடியுமா என்ன? "வாம்மா, வாம்மா, சீரியல் போயிடும்" என்று வாசலுக்கே வந்து கூட்டிக்கொண்டு போனார்கள்.

அந்தச் சமயம்தான் அரசாங்கம் வீட்டுக்கு வீடு இலவசக் கலர் டிவி கொடுத்தது. நம் தெருவில் கதவு இல்லாத வீட்டில்கூட டிவி வந்துவிட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்கு பொம்மைப் படம். இரண்டு தெருப் பிள்ளைகளும் ஒரே நேரத்தில் ஒரே படத்தைப் பார்த்து ஒரே இடத்தில் சிரிப்பார்கள். வாய்க்கால் பாலத்தில் நின்றால் இரண்டு பக்கமிருந்தும் அந்தச் சிரிப்பு கேட்கும். எனக்கு அதில் ஒரு பெருமை. நான் இழுத்த வயர் அல்லவா?

பெருமை எவ்வளவு நாள் நிற்கும்? ஒரு நாள் மேலத்தெருப் பெண்கள் நாலைந்து பேர் கண்ட்ரோல் ரூம் வாசலில் வந்து நின்றார்கள். பொம்மைப் படத்தில் ஒரு முள்ளம்பன்றி இன்னொரு முள்ளம்பன்றிக்கு முத்தம் கொடுத்துவிட்டதாம், அதுவும் உதட்டில். ஒரு வீட்டுப் பையன் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அதை அப்படியே செய்து காட்டிவிட்டான். "இந்தக் கருமத்தைப் புள்ளைங்களுக்குப் போடுறியே, நல்லாருப்பியா?" என்று ஒரே சத்தம். நான் என்ன செய்வேன்? "எங்கிட்ட கத்திரிக்கோல் கெடையாதுங்க. வந்தா முழுசா வரும், நிறுத்தினா முழுசா நிக்கும்" என்றேன். நிறுத்துவதற்கும் ஒருத்தருக்கும் மனசில்லை. அந்த ஒரு மணி நேரத்தில்தானே அவர்களுக்கு அடுப்படி வேலை ஓடும்!

கூட்டுறவு சங்கக் கட்டடத்தில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். அங்கே ஒரு முடிவு எடுத்தார்கள் பார், வேறு எந்த ஊரிலும் இப்படி ஒரு கூத்து நடந்திருக்காது. மேலத்தெருவில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தாரே, அவர் தினமும் ஐந்து மணிக்கு என் கண்ட்ரோல் ரூமில் வந்து உட்கார வேண்டும். ஆபாசம் வருகிற மாதிரி இருந்தால் ரிமோட்டை அமுக்கி ஊர் முழுக்க வேறு சானலுக்கு மாற்ற வேண்டும். முடிந்ததும் திருப்பி மாற்ற வேண்டும். பட்டணத்தில் இருக்கிற சென்சார்காரன் விட்டதை எங்கள் ஊர் வாத்தியார் பிடிப்பார் என்று ஏற்பாடு.

மனுஷன் சலவை வேட்டி கட்டிக்கொண்டு, விபூதி பூசிக்கொண்டு வந்துவிடுவார். ரிமோட்டைப் பிரம்பு மாதிரி பிடித்துக்கொண்டு உட்காருவார். ஆனால் முத்தம் என்ன சொல்லிவிட்டா வரும்? இரண்டு முள்ளம்பன்றிகளும் பேசிக்கொண்டே இருக்கும், திடீரென்று 'இச்'. அவர் பதறிப்போய் அமுக்குவதற்குள் அது முடிந்து அடுத்த காட்சி வந்திருக்கும். ஊர் டிவியில் எல்லாம் முத்தம் முழுசாகப் போய்விடும், அதற்குப் பிறகு அவர் மாற்றிவிட்ட சானலில் நனைந்த சேலையோடு மழைப் பாட்டு ஓடும். அதைத் திருப்பி மாற்றத் தெரியாமல் அவர் ரிமோட்டைத் தட்டு தட்டென்று தட்டுவார். "ஏம்மா, பட்டன் வேல செய்யலியே!" "செய்யுதுங்க சார், நீங்கதான் திருப்பிப் புடிச்சிருக்கீங்க." உள்ளே நான் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நிற்பேன். சிரித்தால் கோபித்துக்கொள்வார்.

இன்னொரு கூத்து. ஒரு கரடி மாமா வரும். அதன் கையில் எப்போதும் ஒரு பாட்டில். தமிழில் குரல் கொடுத்தவர்கள் அதைத் 'திராட்சை ஜூஸ்' என்று மாற்றியிருந்தார்கள். வார்த்தையை மாற்றிவிட்டார்கள், படத்தை மாற்ற முடியுமா? கரடி ஜூஸைக் குடித்துவிட்டு தள்ளாடும், சுவரில் முட்டும், வீட்டுக் கதவைத் தட்டி பெண்டாட்டியிடம் அழும். வாத்தியார் அதைப் பார்த்துவிட்டு, "ஜூஸ்தானே, பாதகமில்லை" என்று தலையாட்டினார். நீ என் மடியில் உட்கார்ந்திருந்தாய். "ஜூஸ் குடிச்சா இப்படியாம்மா ஆடுவாங்க? மூணாவது வீட்டு மாமா மாதிரியே ஆடுது" என்றாய். வாத்தியாருக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. படித்த பெரியவர்கள் காதால் சோதித்தார்கள், பிள்ளைகள் நீங்கள் கண்ணால் பார்த்தீர்கள். எனக்கு இந்த விஷயம் அன்றைக்கே கொஞ்சம் புரிந்தது. பெரியவர்கள் எதைப் பார்த்துக் கூச்சப்படுகிறார்களோ அதை மட்டும்தான் தடுப்பார்கள். கூச்சம் வராத இடத்தில் என்ன போனாலும் கண்ணில் படாது.

அப்படித்தான் புனல் காட்சி போனது. வாத்தியார் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, தொப்பை குலுங்கச் சிரித்தார். "நல்லா வேணும் அந்தச் சோம்பேறிக் கழுதைக்கு" என்றார். நான் டீ ஆற்றிக்கொண்டிருந்தேன். நானும் லேசாகச் சிரித்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. கண்ட்ரோல் ரூமுக்குப் பின்னால் நீயும் நம் தெருப் பையன்களும் விளையாடிக்கொண்டிருந்தீர்கள். சாட் பூட் திரி போட்டு, தோற்றவன் கழுதை. நீ தோற்றாய். மண்ணெண்ணெய் ஊற்றுகிற பிளாஸ்டிக் புனலைக் கழுவி எடுத்து வந்து, உன்னைப் படுக்க வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, வாய்க்கால் கலங்கல் தண்ணீரை உன் வாயில் ஊற்றினார்கள். உனக்கு ஒரு வருத்தமும் இல்லை. படத்தில் கழுதை என்ன செய்ததோ அதைச் செய்தாய். ஏப்பம் விட்டாய், இடுப்பை ஆட்டினாய், சிரித்தாய். அப்போதுதான் உன் தாத்தா வயலிலிருந்து மண்வெட்டியோடு வந்தார்.

அவர் கத்தவில்லை. யாரையும் அடிக்கவில்லை. மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து உன்னை வாரித் தூக்கி, குடத்துத் தண்ணீரை எடுத்து உன் வாயைக் கழுவினார். கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். நீ பயந்து அழ ஆரம்பித்துவிட்டாய். "அப்பா, வெறும் வாய்க்கா தண்ணிதான் விடுங்க" என்று நான் கையைப் பிடித்தால், தட்டிவிட்டு மறுபடியும் தண்ணீரை மொண்டார். எங்கப்பாவை அப்படி அதுவரை நான் பார்த்ததில்லை.

எனக்கு அப்போதுதான் பொட்டில் அடித்த மாதிரி உறைத்தது. சாணிப்பால். பண்ணை வீட்டில் தப்புச் செய்த ஆளைக் கட்டிவைத்து, சாணியைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றுவார்களாம், சவுக்கால் அடிப்பார்களாம். செங்கொடி விவசாயச் சங்கம் வந்துதான் அதை நிறுத்தியது என்று கூட்டங்களில் பேசுவதை நானும் கேட்டிருக்கிறேன். ஆனால் வேறு எங்கோ, வேறு யாருக்கோ நடந்தது என்கிற மாதிரிதான் கேட்டிருக்கிறேன். நம் வீட்டில் ஒருத்தர் வாயிலிருந்தும் அந்த வார்த்தை வந்ததில்லை. எங்களுக்கே சொல்லாதபோது உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாமல்தானே சாட் பூட் திரி போட்டு விளையாடினீர்கள். நம் தெருப் பிள்ளைகள், நம் தெருப் பிள்ளையின் வாயில்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அடுத்த ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றுவிட்டேன். நம் தெருக்காரர்கள் என்னை உட்காரச் சொல்லி முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். அவர்கள் பயத்துக்குக் காரணம் இருந்தது. கோயில் நிலத்தைத் தலைமுறையாக உழுதுகொண்டிருந்தது நாம். குத்தகைப் பதிவில் நம் பேர் கிடையாது. நிலத்தை வேறு ஆளுக்கு மாற்றிவிட ஒரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. தாசில்தார் விசாரணைக்கு வருகிற நேரம். மேலத்தெருவிலிருந்து இரண்டு பேராவது "ஆமாம், இவங்கதான் உழுறாங்க" என்று சாட்சி சொன்னால்தான் பேர் ஏறும். அந்த நேரத்தில் போய் பழைய சாணியைக் கிளறினால்?

கிளறினேன். "முத்தம் வந்தா மாத்தணும்னு வாத்தியாரை உக்கார வச்சிருக்கீங்க. வாயில புனலை வச்சு ஊத்துறதுக்கு யாரை உக்கார வைக்கப் போறீங்க?" என்று கேட்டேன். கூட்டம் முதலில் புரியாமல் பார்த்தது. காட்சியைச் சொன்னேன். சொல்லச் சொல்ல மேலத்தெரு பெஞ்சுகளில் சிரிப்பு கிளம்பியது. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, கழுதை ஏப்பம் விடுவதைச் சொன்னால் சிரிப்பு வரத்தான் செய்யும். நம் தெருப் பையன்களும் சிரித்தார்கள். வாத்தியார், "அது ஹாஸ்யம்மா, அதுல ஆபாசம் எங்க இருக்கு?" என்று நிஜமாகவே விளங்காமல் கேட்டார்.

"எங்கப்பாவைக் கேளுங்க. இந்த ஊர்ல அது ஹாஸ்யமான்னு அவர் சொல்லட்டும்" என்றேன். எல்லாத் தலையும் பின்னால் திரும்பியது. எங்கப்பா கதவோரமாக நின்றுகொண்டிருந்தார். துண்டு தோளில் இல்லை, கையில் இருந்தது. என்னைப் பார்த்தார். அப்புறம் ஊர்க்கூட்டத் தலைவரைப் பார்த்து, "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்கய்யா. அது பொம்மப் படம். புள்ள ஏதோ தெரியாமப் பேசுது" என்றார்.

யாருக்காக எழுந்து நின்றேனோ அவரே என்னை உட்கார வைத்துவிட்டார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவரோடு பேசவில்லை. சோறு போட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

மறுநாள் காலையில் அவரே கண்ட்ரோல் ரூமுக்கு வந்தார். வயர் சுற்றி வைத்திருக்கும் உருளை மேல் உட்கார்ந்தார். பெட்டிகள் எல்லாம் உர்ரென்று இரைந்துகொண்டிருந்தன, அந்த இரைச்சலில் வெளியே கேட்காது என்றுதான் அங்கே வந்தார் என்று நினைக்கிறேன். தம்பி, இனி எழுதப்போவதை உனக்குச் சொல்லக் கூடாது என்று அன்றைக்கு என்னிடம் சத்தியம் வாங்கினார். இத்தனை வருஷம் காப்பாற்றினேன். இப்போது தெரிந்தேதான் மீறுகிறேன்.

அவர் சின்னப் பையனாக பண்ணை மாடுகளை மேய்த்துக்கொண்டிருந்த காலம். சங்கம் வந்து எல்லாம் நின்றுபோய்விட்டது என்று ஊரில் பேசிக்கொண்ட காலம்தான், ஆனால் எங்கேயும் ஒரே நாளில் நின்றுவிடுமா? ஒரு மத்தியானம் அவர் கண் அசந்த நேரத்தில் மாடுகள் நாற்றங்காலில் இறங்கிவிட்டன. பண்ணையாருக்காக ஆட்களை வேலை வாங்கும் காரியக்காரர் வந்தார். மேய்த்த பையனை விட்டுவிட்டு, பையனின் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். உன் கொள்ளுத்தாத்தாவைக் களத்துத் தூணில் கட்டினார்கள். சாணியைக் கரைத்தார்கள். மாட்டுக்கு மருந்து புகட்டுகிற மூங்கில் குழாயை எடுத்து வந்து, காரியக்காரர் அதைப் பையன் கையில் கொடுத்தார். "உன் மாடு தின்னதுக்கு உங்கப்பன் குடிக்கட்டும். நீயே புகட்டு" என்றார்.

"நான் மாட்டேன்னு நின்னேன் புள்ள" என்றார் எங்கப்பா. "சவுக்கை எடுத்தான். எங்கப்பா என்னையப் பாத்தாரு. பாத்துட்டு, அவரே வாயைத் தொறந்தாரு. ஊத்துறா சாமி, அடி வாங்காதன்னாரு. ஊத்தினேன். சுத்தி நின்ன அத்தனை பேரும் சிரிச்சானுங்க. நம்ம ஆளுங்களும் சிரிச்சாங்க. அவன் சிரிக்கையில சிரிக்காட்டி, அடுத்தது அவங்கதானே."

அதற்குப் பிறகு உன் கொள்ளுத்தாத்தா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லையாம். மகனைத் திட்டினதும் இல்லையாம். அதுதான் எங்கப்பாவை அரித்தது. "ஒரு அடி அடிச்சிருந்தாக்கூட ஆறியிருக்கும்" என்றார். "பேரனுக்கு இது வேணாம் புள்ள. அவன் என்னையப் பாக்குறப்ப இது அவன் கண்ணுல இருக்கக் கூடாது." நான் சத்தியம் செய்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

குத்தகைப் பதிவில் நம் பேர் ஏறியது. சாட்சி சொன்ன இருவரில் வாத்தியாரும் ஒருவர். நல்ல மனுஷன், பொய் சொல்லத் தெரியாதவர், கடைசிவரை அவருக்கு அந்தக் காட்சியில் என்ன தப்பு என்று புரியவே இல்லை. இன்றைக்கு நாம் சம்பா போடுகிற அந்த நிலம் எங்கப்பா கூட்டத்தில் சொன்ன அந்த ஒரு பொய்யில் நின்ற நிலம். அவர் சொன்னது தப்பு என்று நான் ஒரு நாளும் சொல்லமாட்டேன். வயிற்றுக்காகவும் மண்ணுக்காகவும் விழுங்கியவர்களைக் குறை சொல்ல நமக்கு வாய் கிடையாது. ஆனால் விழுங்கினது அவரோடு நிற்கவில்லையே. நீயும் சேர்ந்தல்லவா விழுங்கினாய், அது என்னவென்றே தெரியாமல், சிரித்துக்கொண்டு.

நான் சும்மா இருக்கவில்லை. அந்த வாரமே வாத்தியாரிடமிருந்து ரிமோட்டை வாங்கி வைத்துக்கொண்டேன். "சார், நீங்க வீட்டுக்குப் போங்க, நான் பாத்துக்குறேன்" என்றேன். கண்ட்ரோல் ரூமில் இருந்த டிவியை வாசல் பக்கம் திருப்பி வைத்து, பிள்ளைகளை எல்லாம் அங்கே வந்து பார்க்கச் சொன்னேன். எதையும் மாற்றவில்லை, எதையும் மறைக்கவில்லை. கூட உட்கார்ந்தேன், அவ்வளவுதான். கரடி தள்ளாடினால், "இது ஜூஸ் இல்லடா, நமக்குத் தெரியும்ல" என்பேன். முள்ளம்பன்றி முத்தம் கொடுத்தால், "புடிச்சிருக்கு, குடுக்குது. நீங்க கேட்காம யாருக்கும் குடுக்கக் கூடாது" என்பேன். ஒரு மிருகத்தை எல்லோரும் சேர்ந்து அடித்துச் சிரித்தால், "அடி வாங்குறது நீயா இருந்தா?" என்று கேட்பேன். உனக்கு ஞாபகம் இருக்கும், "அம்மா படம் பாக்க விடுங்கம்மா, தொண தொணன்னு" என்று நீயே சலித்துக்கொள்வாய். தொணதொணத்தேன், ஆமாம். அந்தத் தொணதொணப்பால்தான் இன்றைக்கு உனக்கு பாஸ் போட மனசு வரவில்லை என்று நான் நினைக்கிறேன். ஆனால் புனலைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. சத்தியம் குறுக்கே நின்றது.

இப்போது நீ அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய். உன் லிஸ்டைத் தயாரித்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. தங்களுக்கு எது கூச்சமோ அதை எழுதியிருக்கிறார்கள். அவர்கள் வாயில் ஒருத்தரும் புனல் வைத்ததில்லை, அதனால் புனல் அதில் இல்லை. பெரியவர்கள் விஷயம் என்றால் படுக்கையறை விஷயம் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தனைக் கட்டிவைத்து அவன் வாயில் அசிங்கத்தை ஊற்றுவதைவிடப் பெரியவர்கள் விஷயம் எது? அது பொம்மை உருவத்தில், நல்ல கலரில், டிங் டிங் என்று சத்தத்தோடு வந்துவிட்டால் ஒருத்தருக்கும் தெரிவதில்லை. ஆகையால் உனக்கு நான் சொல்வது இதுதான்: லிஸ்டைப் பார், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு, யார் அடிபடுகிறார்கள், யார் சிரிக்கிறார்கள், அடிபடுகிறவனை எதற்காகச் சிரிக்க வைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு படத்திலும் பார்.

வேலை போய்விடுமோ என்று நீ வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் உன் குரலில் இருந்தது. பயப்படுவது தப்பில்லை. நீ அந்தக் கம்ப்யூட்டர் படிப்பை முடிக்க உங்கப்பா என்ன வெயிலில் நின்றார் என்று எனக்குத் தெரியாதா? அதனால் வீம்புக்கு எழுது என்று சொல்லமாட்டேன். சண்டை போடாதே, சத்தம் போடாதே, மேலாளரை மட்டம் தட்டாதே. உட்கார்ந்து, நல்ல தமிழில், காட்சியில் என்ன இருக்கிறது, அது எந்த மண்ணில் எந்த மனுஷர்களுக்கு நடந்தது என்று எழுது. இங்கே தஞ்சாவூர்ப் பக்கம் எத்தனை வீட்டில் பிள்ளைகள் இதைப் பார்ப்பார்கள், எத்தனை வீட்டில் ஒரு கிழவர் அதே கூடத்தில் உட்கார்ந்திருப்பார் என்று எழுது. அவர்கள் ஏற்றுக்கொண்டால் சரி. ஏற்காமல் உன்னை அனுப்பிவிட்டால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு வா. சோறு இருக்கிறது, வீடு இருக்கிறது, உன் அம்மாவுக்கு இன்னும் ஏணி ஏறத் தெம்பிருக்கிறது. ஆனால் 'சரி' என்று மட்டும் எழுதிவிடாதே. இது என் பேச்சு, இதில் மாற்றம் இல்லை.

இவ்வளவையும் எழுதிவிட்டு, அவருக்குத் தெரியாமல் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. இன்று காலை தாத்தா வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு உளுந்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கண் சரியாகத் தெரியாது, இருந்தாலும் விடமாட்டார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அப்பா, தம்பி ஆபீஸுக்கு அந்தப் படம் வந்திருக்காம். புனல் படம்."

கை நின்றுவிட்டது.

"அவனுக்கு எல்லாத்தையும் எழுதிட்டேன். நீங்க வேணாம்னு சொன்னாலும் அனுப்பத்தான் போறேன்."

திட்டுவார் என்று பார்த்தேன். திட்டவில்லை. முறத்தை ஒரு தட்டு தட்டி, ஒரு கல்லை எடுத்து வெளியே போட்டார். பிறகு, "அவன் இப்ப என்ன பண்ணணும்?" என்று கேட்டார்.

"சரின்னு எழுதணும், இல்லாட்டித் தப்புன்னு எழுதணும். தப்புன்னா ஏன்னு காரணம் சொல்லணும்."

"அந்தக் கழுத, குடிச்சிட்டு என்ன பண்ணுது?"

"சிரிக்குதுப்பா. வாலை ஆட்டிக்கிட்டுச் சிரிக்குது."

உளுந்தைக் கையில் அள்ளினார். திரும்ப முறத்திலேயே விட்டார். என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"எங்கப்பா சிரிக்கல. அதக் காரணமா எழுதச் சொல்லு."

அதையே எழுது, தம்பி.

உன் அம்மா